உப்புத் தண்ணீரில் எவ்வளவு நேரம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார் என்று வகுப்பில் நடத்தினார்கள். கண்ணால் காண்பது, உடம்பு, உலகம், கணக்கு எல்லாமே சந்தேகம். கடைசியில், 'ஆனால் அவர் ஐயவாதி இல்லை, அவருடையது முறைசார்ந்த ஐயம்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன், புரியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவரே ஐயவாதி இல்லை என்றால், அப்புறம் யார்தான் ஐயவாதி?
– கல்லூரி மாணவி, அய்யம்பேட்டை

பதில்: ஊர்ப் பெயரிலேயே ஐயத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், தப்ப முடியுமா? 31 வருடம் நானும் இந்தப் பாடத்தை நடத்தியவன். நீங்கள் சொல்லும் அதே வரியைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மணி அடிக்கும், கலைந்துவிடுவோம். அந்த வரி எனக்கே சரியாகப் பிடிபட்டது, ஓய்வுபெற்று ஊருக்கு வந்து நாற்றங்காலுக்கு விதை எடுக்க ஆரம்பித்த பிறகுதான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்: அளவாகச் சந்தேகப்பட்டால் முறைசார்ந்த ஐயம், அளவு மீறினால் ஐயவாதம். மருந்து, விஷம் கணக்கு மாதிரி. அளவை வைத்துப் பார்த்தால் டெகார்ட்தான் பெரிய சந்தேகக்காரர். பழைய கிரேக்க ஐயவாதிகள் தேன் நாக்கில் இனிப்பதை மறுக்கவில்லை. தேனுக்குள் இனிப்பு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டால்தான், 'அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை' என்பார்கள். டெகார்ட் அதோடு விடவில்லை. குளிர் அங்கியைப் போர்த்திக்கொண்டு கணப்புக்கு முன்னால் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேனே, இதுவே கனவாக இருந்தால்? 2-ஐயும் 3-ஐயும் கூட்டும்போதெல்லாம் என்னை ஏமாற்றுவதே வேலையாக ஒரு சூழ்ச்சிக்கார சக்தி இருந்தால்? 1641-இல் லத்தீன் மொழியில் வந்த அவருடைய 'தியானங்கள்' நூலின் முதல் தியானம் இப்படித்தான் போகிறது. இதற்கு மேல் சந்தேகப்பட மனிதனால் ஆகாது.

ஆகவே எவ்வளவு சந்தேகம் என்று பார்த்தால் விடை கிடைக்காது. எதற்காகச் சந்தேகம், எப்போது கையை வெளியே எடுப்பது என்று பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டில் சம்பாவுக்கு விதை எடுப்பது இப்படி. ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, என் மனைவி அதில் ஒரு முட்டையைப் போடுவார். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கக் கலக்க, படுத்திருந்த முட்டை மெல்ல எழுந்து நிற்கும், அப்புறம் மேலே வரும். பழைய 25 பைசா அகலத்துக்கு அதன் தலை வெளியே தெரிந்தால் பதம் சரி. முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். அடியில் தங்கியதுதான் விதை. நல்ல நெல் என்று நமக்குத் தோன்றுவதையும் சேர்த்துத்தான் உள்ளே கொட்டுகிறோம். எல்லா நெல்லும் பதர் என்று நாம் முடிவுகட்டிவிடவில்லை. எது பதர் என்று ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி மாளாது, அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு விதையைக் கொட்டிய நேரம் பார்த்து, முறைத் தண்ணீர் விஷயமாகப் பக்கத்து வயல்காரர் வந்தார். வாசலில் நின்றபடியே பேச்சு வளர்ந்தது. நான் திரும்பி வந்தபோது மத்தியானம். அடியில் தங்கிய நல்ல விதையும் அத்தனை நேரம் உப்பிலேயே கிடந்திருக்கிறது. வழக்கமாக உடனே எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடவேண்டும். அன்றைக்கு அலசி, ஊறவைத்து, சாக்கில் கட்டி வைத்துப் பார்த்தால் பாதிகூட முளைக்கவில்லை. மனைவி திட்டவில்லை. "என்ன, எல்லாத்தையும் நல்லா சோதிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பதம் பார்த்து, பதரை நீக்கி, விதையை வெளியே எடுக்கிறோமே, அதுதான் முறைசார்ந்த ஐயம். விதையை உப்பிலேயே விட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் அது ஐயவாதம்.

டெகார்ட்டுக்கு நெல் தெரியாது, ஆப்பிள் தெரியும். பூர்டேன் என்ற ஏசுசபைப் பாதிரியார் அவரிடம் மல்லுக்கு நின்றபோது இந்த உதாரணத்தைத்தான் சொன்னார்: ஒரு கூடை ஆப்பிளில் சில அழுகியிருக்குமோ என்று பயம் வந்தால், கூடையையே கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை மட்டும் திரும்ப உள்ளே வைப்போம் இல்லையா? கவிழ்த்ததைப் பார்த்தவர்கள் கூச்சல் போட்டார்கள். திரும்ப அடுக்கியதை யாரும் பேசுவதில்லை.

'தியானங்கள்' முதல் வாக்கியத்திலேயே 'வாழ்நாளில் ஒரு தடவை' என்று ஒரு சொல் வருகிறது. எல்லாவற்றையும் இடித்துப்போட்டு அடியிலிருந்து ஆரம்பிப்பது வாழ்நாளில் ஒரு தடவை செய்யும் வேலை, தினசரி வேலை இல்லை. அதற்கும் முன்னால், 1637-இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறார்: வீட்டை இடித்துக் கட்டுகிறவன், வேலை முடியும்வரை குடியிருக்க வேறொரு வீடு பார்த்துக்கொள்ளவேண்டும். அதனால் ஆராய்ச்சி முடியும்வரை நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் ஒட்டி வாழ்வேன் என்று தனக்கு ஒரு தற்காலிக விதியும் போட்டுக்கொண்டார். ஆக, அவருடைய சந்தேகம் அறையைத் தாண்டி வெளியே வரவில்லை. அரிசி வாங்கும்போதும் ஆற்றைக் கடக்கும்போதும் அது கூடவே போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆறாவது தியானத்தின் கடைசிப் பக்கம். கடந்த சில நாட்களின் மிகையான ஐயங்களெல்லாம் சிரித்துத் தள்ளவேண்டியவை என்று அவரே எழுதிவிடுகிறார். கனவா நனவா என்று முதல் நாள் அந்தப் பாடு பட்டவர்! தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முதல் இரண்டு தியானத்தோடு நிறுத்திவிடுவதால் இந்தச் சிரிப்பு அவர்கள் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

இனி ஐயவாதி யார் என்ற உங்கள் கேள்வி. மேற்கே இதற்கு ஆதிப் பெயர் பிர்ரோ, கி.மு. நான்காம் நூற்றாண்டுக்காரர். அலெக்சாண்டரின் படையோடு இந்தியா வரை வந்து இங்கிருந்த துறவிகளைச் சந்தித்ததாகப் பழைய வரலாறு சொல்கிறது. எதிரே வண்டி வந்தாலும் ஒதுங்கமாட்டார், நண்பர்கள்தான் இழுத்துக் காப்பாற்றுவார்கள் என்று ஒரு கதையும் உண்டு. அவரைப் பிடிக்காதவர்கள் கட்டிவிட்டதாக இருக்கும். அவர் வழியில் வந்த செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் ஒரு வைத்தியர். விவரமான ஆள். இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நியாயம் உண்டோ அவ்வளவு அந்தப் பக்கத்துக்கும் இருக்கிறது, ஆகவே தீர்ப்பை நிறுத்தி வை, மனம் அமைதியாகும் என்பது அவர்கள் வழி. அதற்கு அவர் சொல்லும் கதை அழகானது: அப்பெல்லிஸ் என்ற ஓவியர் குதிரை வாயின் நுரையை வரைய முயன்று முயன்று தோற்று, தூரிகை துடைக்கும் பஞ்சைக் கோபத்தில் படத்தின் மேல் வீசினாராம். பஞ்சு பட்ட இடத்தில் நுரை அச்சாக விழுந்ததாம். தேடலைக் கைவிட்ட நேரத்தில் அமைதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்கிறார்.

ஒரு விஷயத்தில் செக்ஸ்டஸுக்கு நியாயம் செய்யவேண்டும். 'எதையும் அறியவே முடியாது' என்று அடித்துச் சொல்கிறவர்களோடு தன்னைச் சேர்க்காதே என்கிறார். அப்படிச் சொல்வதும் ஒரு தீர்ப்புதானே! முழு ஐயவாதி என்று நாம் திட்டுவது அந்த அடித்துச் சொல்கிறவரைத்தான். ஆனால் செக்ஸ்டஸும் விதையைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுப்பதில்லை. அவருக்கு அமைதி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

நம் பக்கமும் இந்த ஆட்கள் இருந்தார்கள். பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் சஞ்சயர் என்ற ஒரு குரு வருகிறார். மறுவுலகம் உண்டா என்று கேட்டால், 'உண்டு என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன், வேறு மாதிரி என்றும் சொல்லமாட்டேன்' என்று போய்க்கொண்டே இருப்பார். இந்த மாதிரி பதில் சொல்கிறவர்களுக்கு அந்த நூல்கள் வைத்த பெயர், விலாங்குபோல் நழுவுகிறவர்கள். வாய்க்காலில் விலாங்கு பிடித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்ளாமல் முடியாது.

எல்லோரும் இந்த இடத்தில் 'எப்பொருள் யார்யார்வாய்' குறளைச் சொல்வார்கள். எனக்கு 510-ஆவது குறள்தான் நினைவுக்கு வரும்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம். அரசன் ஆள் எடுப்பதைப் பற்றிய அதிகாரத்தில் வரும் குறள் இது, அறிவின் அடித்தளம் பற்றியது இல்லைதான். ஆனாலும் உப்புத் தண்ணீருக்கு முன்னால் ஒரு தப்பு, பின்னால் ஒரு தப்பு என்று இரண்டையும் ஒன்றேமுக்கால் அடியில் வைத்துவிட்டாரே!

ஒரு எச்சரிக்கை. டெகார்ட்டின் நோக்கம் வேறு என்பதால் அவர் ஜெயித்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் அண்டாவில் அடியில் தங்கியது ஒரே ஒரு விதை: 'நான் இருக்கிறேன்'. மற்றதையெல்லாம் திரும்ப எடுக்கக் கடவுளின் ஜாமீன் தேவைப்பட்டது. கடவுளை நிரூபிக்கத் தெளிவான அறிவு வேண்டும், தெளிவான அறிவை நம்பக் கடவுள் வேண்டும், இது சுற்றிச் சுற்றி வருகிறதே என்று அர்னோ என்ற இளம் இறையியலாளர் கேட்டார். அந்தக் கேள்வியும் டெகார்ட் நூலோடேயே அச்சாகியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் நம்மை மடக்கிய கேள்வியை நம் புத்தகத்திலேயே போடுவோம்?

கேள்வி: 'விதண்டாவாதம்' என்பது வெறும் வசைச்சொல்லா, அல்லது அதற்கு ஏதாவது இலக்கணம் இருக்கிறதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடும்போது வசை. கௌதம முனிவரின் பழைய தர்க்க நூலான நியாய சூத்திரத்தில் அதற்குத் தெளிவான இலக்கணம் உண்டு: தன் பக்கம் என்று எதையும் நாட்டாமல், எதிராளி சொல்வதை உடைப்பதை மட்டும் செய்யும் வாதம். அவர் அடுக்கும் 16 பொருள்களில் ஐயம் மூன்றாவது, நிர்ணயம் (முடிவுக்கு வருவது) ஒன்பதாவது, விதண்டை பன்னிரண்டாவது. ஐயத்தைக் குற்றமாக அவர் வைக்கவில்லை, விசாரணையின் வாசலில் வைத்திருக்கிறார். அந்தி நேரத்தில் தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்ற உதாரணம் அந்த மரபில் வந்தது. புகாரில் கதை தொடங்கும் மணிமேகலையிலும் அதே உதாரணம் 'தறியோ மகனோ' என்று வருகிறது. கட்டையா ஆளா என்று கேட்டவன் நாலடி கிட்டே போய்ப் பார்ப்பான். விதண்டைக்காரன் நின்ற இடத்திலிருந்தே 'கட்டை என்று உனக்கு யார் சொன்னது?' என்பான்.

கேள்வி: சார், என் அண்ணனுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. போன வருடம் ஒரு கடையில் வாங்கிய விதையில் கலவன் (வேறு ரக நெல்) வந்து நட்டப்பட்டதிலிருந்து இப்படி ஆகிவிட்டார். மேட்டூர் திறக்கும் தேதி பொய், வானிலை பொய், விதைச் சான்று பொய். கேட்டால் 'சந்தேகப்படறவன்தான் புத்திசாலி' என்கிறார். இதுவும் தத்துவமா?
– விவசாயி, வலங்கைமான்

பதில்: பாதி தத்துவம், பாதி வலி. வலியைக் கேலி செய்யக்கூடாது. கதிர் வெளியே வந்த பிறகு வயலில் நெட்டையும் குட்டையுமாகப் பயிர் நிற்பதைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

மேட்டூர் விஷயத்தில் அண்ணன் சொல்வதில் சாரம் இருக்கிறது. ஜூன் 12 என்பது மரபு. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி நாற்று விட்டவர்கள் பாடு என்ன ஆனது? அதனால் தேதியைச் சந்தேகப்படுவது சரி. காரணம் காட்டக்கூடிய சந்தேகம் அது. அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பேப்பரில் பார்த்தால் அதைச் சரிபார்க்கவும் முடியும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், சண்டை வேண்டாம், காப்பி குடிக்கும்போது கேளுங்கள்: 'என்ன பார்த்தா நீ நம்புவே?' 'நீர்மட்டம் இத்தனை அடி வந்தா நம்புவேன்', 'விதையை நானே முளைக்கவெச்சுப் பார்த்தா நம்புவேன்' என்று ஏதாவது சொன்னால் கவலையை விடுங்கள், அவர் டெகார்ட் கட்சி. 'எதைப் பார்த்தாலும் நம்பமாட்டேன்' என்றால் விலாங்கு கட்சி. அப்போதும் ஒரு வழி இருக்கிறது.

100 விதையை எண்ணி ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அவரே எண்ணட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். முளை விட்டதும் எண்ணிப் பாருங்கள். நெல்லுக்கு விதைச் சான்று தரும்போது கேட்கும் முளைப்புத் திறன் 100-க்கு 80. கவனியுங்கள், 100-க்கு 100 இல்லை. 20 விதை முளைக்காமல் போகும் என்று ஒப்புக்கொண்டேதான் நாம் நாற்றங்கால் விடுகிறோம்.

முந்தைய பதிலில் சொல்ல விட்டுப்போன ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், அய்யம்பேட்டைப் பிள்ளையும் படிக்கட்டும். டெகார்ட்டும் முழு ஐயவாதியும் ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டு பேருமே அறிவு என்றால் 100-க்கு 100 முளைக்கவேண்டும் என்கிறார்கள். டெகார்ட் 'இருக்கிறது, தேடு' என்றார். ஐயவாதி 'இல்லை, ஆகவே விதைக்காதே' என்றார். 80-க்கு நாற்றுவிடும் நம் ஆட்களை இரண்டு பேருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அண்ணனும் அந்த 20-ஐப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒன்று சொல்லவேண்டும், கலவன் வேறு, முளைப்பு வேறு. கலவன் வராது என்று இந்தச் சாக்குச் சோதனை சொல்லாது. அதற்கு ரசீதையும் மூட்டையில் இருந்த அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிறவர் முதலில் பழகவேண்டியது ரசீதை எடுத்துவைப்பது.

கேள்வி: தத்துவ நூல் ஒன்றில், டெகார்ட் 'மணலையும் தளர்ந்த மண்ணையும் அள்ளிப்போட்டுப் பாறையைத் தேடுகிறேன்' என்று சொன்னதாகப் படித்தேன். நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். கல்லணை மணல் மேல்தானே நிற்கிறது?
– வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: இந்தக் கேள்வி எனக்கு 31 வருடத்தில் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்கள் படித்த இடம் 1637 நூலின் மூன்றாம் பகுதி. அங்கேதான் அவர், சந்தேகத்துக்காகவே சந்தேகப்படும் ஐயவாதிகளைப் பின்பற்றவில்லை என்று சொல்லிவிட்டு இந்த உவமையைக் கொடுக்கிறார். முழு வரி 'பாறை அல்லது களிமண்'. களிமண்ணை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டெல்டாக்காரர்கள் விடலாமா?

கல்லணையின் கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காவிரி மணலில் பெரிய கற்களைப் போட, அவை தம் பாரத்தில் இறங்க, மேலே மறுபடி கல், இடையில் களிமண் என்று அடுக்கிக்கொண்டே போனதாகச் சொல்வார்கள். பாறை தென்படும்வரை காத்திருந்தால் கரிகாலன் காலத்தில் அணையும் வந்திருக்காது, பின்னால் வயலும் வந்திருக்காது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டு ஆட்களிடமிருந்துதான் கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். கற்றதை வைத்து 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் அதில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதையும் பார்த்தோம்.

டெகார்ட் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'பார்த்தாயா, மணல்!' என்றிருப்பார். 182 வருடம் நின்றதே என்று நான் சொல்வேன். உங்கள் காலத்தில் கல்லணைக்குக் கீழே குழாய் இறக்கி மண் எடுத்துப் பார்த்ததுண்டா? எத்தனை அடிக்கு மணல், எந்த ஆழத்தில் களி என்று குறிப்பு ஏதாவது உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.